உல்லாசக் கலங்களும் அவற்றின் எரிபொருட் செலவும்

காற்றும் கடலும் விலையின்றிக் கிடைப்பன. அவற்றின் இயல்பை நன்கறிந்து, அவற்றையே துணையாகக் கொண்டு பன்னூறு ஆண்டுகள் திரைகடலோடிப் பொருளீட்டியவர் நம் முன்னோர். இன்றோ, கடலிற் கலஞ் செலுத்துவோர் முதலில் உசாவுவது காற்றின் திசையை அன்று, எண்ணெயின் விலையையே. பிழைப்பிற்காகக் கடல்மேற் செல்வார்க்கு அவ்விலை உயிர்நிலை போன்றது. இன்பத்திற்காகச் செல்வார்க்கு அது கணக்கேட்டில் ஒரு வரி. ஒரே எண்ணெய் இவ்விரு சாராரிடத்தும் எவ்வாறு செலவாகின்றது, அச்செலவு மிகுவதும் குறைவதும் எக்காரணம் பற்றி என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முக்கூடலில் வாழ்வார்க்குக் கடற்கலத்தோடு யாது தொடர்பு என்று சிலர் வினவக்கூடும். தொடர்பு உண்டு. எங்கள் ஊரைத் தொட்டுச் செல்லும் பொருநை, சேரன்மாதேவி, திருநெல்வேலி, திருவைகுண்டம் ஆகிய ஊர்களைக் கடந்து புன்னைக்காயலருகே கடலோடு கலக்கின்றது. அவ்வாற்றின் கழிமுகத்தேதான் பாண்டியரது கொற்கை சிறந்து விளங்கியது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கண்ட காயலும் அப்பகுதியிலேயே இருந்தது. ஆறு கொணர்ந்த மணலால் அத்துறைகள் தூர்ந்து கடலைவிட்டு விலகிப்போகவே, தூத்துக்குடி தலையெடுத்தது. ஆற்றின் நடுவே வாழ்வார் அதன் கடைமுகத்து நிகழ்வனவற்றையும் அறிந்துகொள்ளுதல் முறையே அன்றோ?

பெயரும் பொருளும்

உல்லாசக் கலத்தை ஆங்கிலத்தில் 'யாட்' என்பர். இச்சொல் டச்சு மொழியிலிருந்து வந்தது. வேட்டையாடுதல், துரத்துதல் என்பது அதன் அடிப்படைப் பொருள். கடற்கொள்ளைக்காரரைத் துரத்திப் பிடிப்பதற்கெனச் செய்த விரைவுக் கலங்களுக்கே முதலில் அப்பெயர் வழங்கிற்று. 1660-ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாம் நகரத்தார் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லசுக்கு 'மேரி' என்னும் கலமொன்றைப் பரிசாக அளித்தனர். அது முதல் இங்கிலாந்தின் அரசரும் செல்வரும் இன்பச் செலவிற்கும் பந்தயத்திற்கும் இத்தகைய கலங்களை விரும்பலாயினர். விரைவு என்பது இதன் பெயரிலேயே பிறந்துவிட்டது என்பதை நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும். பின்னர் வரும் கணக்கிற்கு அது திறவுகோலாகும்.

தமிழில் கலங்களுக்குப் பெயர்கள் பல. நாவாய், வங்கம், திமில், பஃறி, அம்பி, ஓடம், தோணி என்பன அவற்றுட் சில. இவை பெரும்பாலும் தொழில் பற்றி வேறுபட்டவை. நாவாயும் வங்கமும் கடல் கடந்த வாணிகத்திற்கும், திமில் மீன்வேட்டைக்கும், அம்பி ஆறு கடத்தற்கும் உரியன. ஆயினும் அழகு செய்தல் நம்மவர்க்குப் புதிதன்று. யானை, குதிரை, சிங்கம் ஆகியவற்றின் முகங்களை முகப்பிற் பொருத்திய அம்பிகளை வையையாற்றுத் துறையிலே சிலப்பதிகாரம் காட்டுகின்றது. ஆனால் அக்கலங்கள் உண்டது மனிதரின் தோள்வலியையே, எண்ணெயை அன்று.

இனி, 'மரினா' என்னுஞ் சொல்லைக் காண்போம். அச்சொல்லைக் கேட்டவுடன் நமக்குச் சென்னைக் கடற்கரையே நினைவிற்கு வரும். 1881 முதல் 1886 வரை சென்னை ஆளுநராயிருந்த கிராண்ட் டப் அக்கடற்கரைக்கு இட்ட பெயர் அது. கலஞ் செலுத்துவோர் வழக்கிலோ, சிறு கலங்கள் அலைக்கொதுங்கிக் கட்டுண்டு நிற்பதற்கும், நீரும் மின்சாரமும் எரிபொருளும் பெறுவதற்கும் அமைந்த படகுத்துறையையே அச்சொல் குறிக்கும். நமக்கு அண்மையில் அத்தகைய துறை கொச்சியில் உள்ளது. டச்சுக்காரர் 1744-இல் மாளிகை எழுப்பிய போல்காட்டித் தீவில், கேரளச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் பொறுப்பில் அது நடைபெறுகின்றது. சென்னைத் துறைமுகத்தினுள், 1911-இல் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் என்பார் நிறுவிய 'ராயல் மெட்ராஸ் யாட் கிளப்' என்னும் சங்கமும் உளது. பாய்க்கலப் பயிற்சியும் பந்தயமுமே அதன் சிறப்பு.

செலவு வரும் வழிகள்

மூன்று நீர்கள் கூடுமிடம் முக்கூடல். உல்லாசக் கலத்தின் எரிபொருட் செலவும் மூன்று வழிகளிலிருந்து வந்து ஒன்றுகூடுகின்றது. முதலாவது, விரைவு, இரண்டாவது, கலத்தின் சுமையும் அதன் அடியிற் பற்றும் அழுக்கும், மூன்றாவது, நின்றவிடத்திலேயே எரியும் எண்ணெய். இவற்றை முறையே நோக்குவாம்.

விரைவைப் பற்றிய விதி வியப்பானது. நீரைக் கிழித்துச் செல்லும் கலத்தின் வேகம் இரண்டு மடங்கானால், அதற்கு வேண்டும் ஆற்றல் இரண்டு மடங்கன்று, ஏறத்தாழ எட்டு மடங்காகும். வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தை ஒட்டி ஆற்றல் வளர்கின்றது என்று பொறியியலார் கூறுவர். கலத்தின் முன்னே எழும் அலையைத் தள்ளுவதிலும், பக்கங்களில் உராயும் நீரை வெல்லுவதிலுமே அவ்வாற்றல் செலவாகின்றது. நீர்மேல் எழும்பிச் சறுக்கிச் செல்லும் சிறு விரைவுப் படகுகளுக்கு இவ்விதி முற்றும் பொருந்தாது. நீருள் அமிழ்ந்து செல்லும் பெருங்கலங்களுக்கு நன்கு பொருந்தும்.

ஒரு கணக்கால் இதனை விளக்குவாம். தூத்துக்குடியிலிருந்து கொழும்பு ஏறத்தாழ 150 கடல் மைல். மணிக்கு 12 கடல் மைல் செல்லும்போது 240 லிட்டர் டீசல் எரிக்கும் ஒரு கலத்தைக் கொள்வோம். அது 12½ மணி நேரத்திற் கொழும்பு சேரும். எரிவது 3,000 லிட்டர். அதே கலம் மணிக்கு 6 கடல் மைலாகச் செல்லுமாயின், மணிக்கு எரிவது எட்டில் ஒரு பங்கு, அதாவது 30 லிட்டர். பயணம் 25 மணி நேரம் நீளும். எரிவதோ 750 லிட்டர்தான். லிட்டர் ஒன்றின் விலை 90 ரூபாய் என்று கொண்டால், முன்னதற்கு 2,70,000 ரூபாயும் பின்னதற்கு 67,500 ரூபாயும் ஆகும். கலமும் ஒன்றே, கடலும் ஒன்றே, தூரமும் ஒன்றே. பன்னிரண்டரை மணி நேரம் முந்திச் சேர்வதற்காகக் கொடுத்த விலை இரண்டு லட்சம் ரூபாய்க்கு மேல்! எரிபொருட் செலவு தூரத்தின் விலை என்று நாம் எண்ணுகின்றோம். உண்மையில் அதன் பெரும்பகுதி அவசரத்தின் விலையே.

இரண்டாவது வழி, சுமையும் அடிப்பற்றும். பெருஞ்செல்வரின் கலங்களில் நீச்சற் குளமும், பளிங்குத் தரையும், ஹெலிகாப்டர் இறங்கும் தளமும் உள. அவை அனைத்தையும் எண்ணெயே சுமக்கின்றது. அன்றியும், நம் நாட்டுக் கடல் வெப்பமானது. வெப்பக் கடலில் அசையாது நிற்கும் கலத்தின் அடியில் பாசியும் சிப்பியினமும் விரைந்து பற்றி வளரும். வழுவழுப்பாயிருந்த அடி சொரசொரப்பாகவே, உராய்வு மிகும். அதனால் எரிபொருள் பத்தில் ஒரு பங்கு கூடினும், முற்கூறிய கொழும்புப் பயணத்திற்கு 300 லிட்டர் வீணாகும். நம் கடற்கரையார் மரக்கலத்தைக் கரையேற்றி அடியைச் சுரண்டித் துப்புரவு செய்வது வெறும் அழகிற்காக அன்று என்பது இதனால் விளங்கும். ஈரமும் வெப்பமும் மிக்க காற்றினால் எண்ணெய்த் தொட்டியின் உட்புறத்தே நீர் வியர்க்கும். எண்ணெயின் அடியில் தங்கும் அந்நீரில் நுண்ணுயிர்கள் பெருகிச் சேறுபோற் படிந்து வடிகட்டிகளை அடைக்கும். ஆதலின், வாங்கிய எண்ணெய் முழுதும் பயன்படும் என்பதற்கும் உறுதியில்லை.

மூன்றாவது வழியே மிகவும் எண்ணத்தக்கது. கலம் நகராமல் நின்றாலும் எண்ணெய் எரிந்துகொண்டிருக்கும். அறைகளைக் குளிர்விக்கவும், உணவைப் பதனிடவும், கடல்நீரைக் குடிநீராக்கவும், விளக்கெரிக்கவும் மின்சாரம் வேண்டும். வெப்ப நாட்டில் குளிர்விப்பதற்கே மிகுதியாகச் செலவாகும். படகுத்துறையில் கரையிலிருந்து மின்சாரம் கிடைக்குமாயின் நன்று. கிடையாதவிடத்தும், கடலில் நங்கூரமிட்டு நிற்கும்போதும், ஜெனரேட்டர் இரவும் பகலும் ஓடும். இடைவிடாது 40 கிலோவாட் மின்சாரம் கொள்ளும் கலம் மணிக்கு ஏறத்தாழ 11 லிட்டர் டீசல் எரிக்கும். ஒரு நாளைக்கு 264 லிட்டர். பன்னிரண்டு நாள் இவ்வாறு நிற்குமாயின் 3,168 லிட்டராகும். முழு வேகத்திற் கொழும்பு சென்று சேரும் எண்ணெயினும் இது மிகுதி. ஓரடியும் நகராமலே ஒரு கடலைக் கடக்கும் எண்ணெய் தீர்ந்துவிடுகின்றது!

பெருங்கலங்களின் கணக்கு நம் எண்ணத்திற்கு எட்டாதது. டீசல் இயந்திரத்தில் ஒரு குதிரைச் சக்தியை ஒரு மணி நேரம் பெறுவதற்கு ஏறக்குறைய 0.18 லிட்டர் வேண்டும். 2013-இல் ஜெர்மனி நாட்டு லூர்சன் நிறுவனம் கட்டி முடித்த 'அஸ்ஸாம்' என்னும் உல்லாசக் கலம் 180 மீட்டர் நீளமும், 94,000 குதிரைச் சக்தியும் உடையது. மணிக்கு 30 கடல் மைலுக்கு மேற் செல்லவல்லது. அதன் ஆற்றல் முழுதும் இயங்குங்கால், மணிக்கு 16,000 லிட்டருக்குக் குறையாமல் எரியும் என்பது இக்கணக்காற் பெறப்படும்.

காற்றையே நம்பிய கலங்கள்

உல்லாசமெல்லாம் எண்ணெயால்தான் வரும் என்று கருதல் வேண்டா. 2006-இல் கட்டப்பட்ட 'மால்டீஸ் பால்கன்' என்னும் கலம் 88 மீட்டர் நீளமுடையது. செல்வச் சிறப்பிற் பிறவற்றிற்குக் குறைந்ததன்று. எனினும் அதற்கு மூன்று பாய்மரங்களும் பதினைந்து பாய்களும் உள. காற்றின் திசைக்கேற்பப் பாய்மரங்களே சுழலுமாறு அதனை அமைத்திருக்கின்றனர். பழைய அறிவைப் புதிய பொறி எவ்வாறு வளர்க்கக்கூடும் என்பதற்கு அஃது ஓர் எடுத்துக்காட்டு.

நம் நாட்டிலும் பெருமைக்குரிய சான்றுண்டு. இந்தியக் கடற்படையின் 'தாரிணி' ஏறத்தாழ 17 மீட்டர் நீளமேயுள்ள பாய்க்கலம். 2024 அக்டோபர் 2-ஆம் நாள் கோவாவிலிருந்து அதிற் புறப்பட்ட கடற்படை அலுவலர் இருவர், காற்றின் துணையால் உலகைச் சுற்றி, 2025 மே 29-ஆம் நாள் மீண்டனர். ஒருவர் கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னா. மற்றவர் புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா. அவர்கள் கடந்தது 25,000 கடல் மைலுக்கு மேல். தமிழ் நிலத்திற் பிறந்த பெண்ணொருத்தி காற்றை ஏவல் கொண்டு உலகை வலம் வந்தாள் என்பது நமக்கு எத்துணை மகிழ்ச்சி தருவது!

தூத்துக்குடியின் பாடம்

இனி நம் துறைக்கே வருவோம். தூத்துக்குடித் தோணி உல்லாசக் கலமன்று, சுமைக்கலம். மரத்தாற் கட்டப்பட்டு, பாய்விரித்துக் கொழும்பிற்கும் மாலத்தீவிற்கும் சரக்கேற்றிச் சென்றது. தென்மேற்குக் காற்று வலுத்து வீசும் மாதங்களில் தோணிகள் கரையில் ஓய்வுகொள்ளும். கடல் அடங்கியபின் மீண்டும் புறப்படும். காற்றை அறிந்து, காலம் பார்த்து, காத்திருக்கத் தெரிந்தவரே அத்தொழிலிற் சிறந்தார். பிற்காலத்தில் தோணிகளும் இயந்திரம் பூண்டன, பாய் துணைக்கருவியாயிற்று. நேரம் மிச்சமாயிற்று, எண்ணெய்ச் செலவு புகுந்தது. காற்றிற்கு யாரும் கடன்பட்டதில்லை. எண்ணெய்க்கோ பயணம் தொடங்குமுன்னரே பணம் வைக்கவேண்டும்.

எரிபொருளுடைய கலத்தை நடத்துதல் எத்துணை அரிது என்பதற்கு, அத்துறையிலேயே நிகழ்ந்த பெருஞ்செய்தி ஒன்றுண்டு. ஓட்டப்பிடாரத்திற் பிறந்த வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906-இல் சுதேசிக் கப்பற் கம்பெனியை நிறுவினார். 'காலியா', 'லாவோ' என்னும் நீராவிக் கப்பல்கள் வாங்கப்பெற்று, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடின. அதற்கு முன் அவ்வழியைத் தனதாக்கிக் கொண்டிருந்த ஆங்கிலேயக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போயிற்று. இறுதியில் இலவசமாகவே ஏற்றிச் சென்று குடையும் கொடுக்க முன்வந்தது எனக் கூறுவர். நீராவிக் கப்பலின் இயல்பை நினைத்தால் இச்சூழ்ச்சியின் கொடுமை விளங்கும். பயணிகள் ஆயிரவர் வரினும் பதின்மர் வரினும் கொதிகலனுக்கு வேண்டும் நிலக்கரி பெரிதும் குறையாது. வரவு குறைந்த நாளிலும் செலவு எரிந்துகொண்டேயிருக்கும். கப்பல்கள் பல உடைய பெருங்கம்பெனி அவ்விழப்பைத் தாங்கும். இரண்டே உடைய சிறு கம்பெனி எத்தனை நாள் தாங்கும்? 1908-இல் பிள்ளையவர்கள் சிறைப்பட்டபின், 1911-இல் கம்பெனி கலைந்தது. அரசின் அடக்குமுறையே அதற்குத் தலையாய காரணம்; ஆயினும் கட்டணப் போட்டியும் அதன் வலிமையைத் தின்றது.

அவ்வழியில் அண்மையிலும் ஒரு முயற்சி நடந்தது. 2011 ஜூன் மாதத்தில் 'ஸ்காட்டியா பிரின்ஸ்' என்னும் பயணிகள் கப்பல் தூத்துக்குடி–கொழும்புப் போக்குவரத்தைத் தொடங்கிற்று. போதிய பயணிகள் இல்லாமையால் அவ்வாண்டு நவம்பரிலேயே அது நின்றுபோயிற்று. நூறாண்டு இடைவெளியிலும் பாடம் மாறவில்லை.

மீனவர் படகும் செல்வர் கலமும்

இவற்றையெல்லாம் நாம் கற்பது எதற்கு? நம் கரையில் எண்ணெயை நம்பி வாழும் மக்கள் பலர் உளர். விடியலில் தூத்துக்குடியிலிருந்து விசைப்படகிற் சென்று இரவில் மீளும் மீனவரும், இயந்திரம் பொருத்திய வள்ளத்திற் செல்லும் மீனவரும் அத்தகையோர். கடலிற் சென்ற படகு வெறுங்கையுடன் மீளலாம். எரிந்த எண்ணெய் மீளாது. ஆதலாலேயே தமிழ்நாட்டு அரசு மீன்பிடி படகுகளுக்கு விற்பனை வரி நீக்கிய டீசலை அளவிட்டு வழங்குகின்றது. விசைப்படகு ஒன்றிற்கு ஆண்டுக்கு 18,000 லிட்டர் என்றிருந்த அளவு 19,000 லிட்டராக உயர்த்தப்படும் என்று 2023-இல் அறிவிக்கப்பட்டது.

இந்த 19,000 லிட்டரை முற்கூறிய கணக்கோடு வைத்து நோக்குமின். 1,000 குதிரைச் சக்தி இயந்திரங்கள் இரண்டு பூண்ட நடுத்தர உல்லாசக் கலம் முழு வேகத்தில் மணிக்கு 360 லிட்டர் எரிக்கும். 53 மணி நேரத்தில் 19,000 லிட்டரும் தீர்ந்துவிடும். 'அஸ்ஸாம்' போன்ற பெருங்கலத்திற்கோ ஏறக்குறைய ஒரு மணி நேரத்திற்கே அது போதும். ஒரு படகையும் அதன் உழைப்பாளர் குடும்பங்களையும் ஓராண்டு தாங்குவதற்கென அளந்த எண்ணெய், ஒருவரது ஒரு மாலைப்பொழுதின் உலாவிற்கும் நிறைவதில்லை. அன்றியும், ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோகிராம் கரியமிலவாயு வெளிப்படும். அவ்வாயுவாற் சூடேறுங் கடல் செல்வர் கலத்தின் கீழ் மட்டும் இல்லை. வள்ளத்தின் கீழும் உளது. விலையை ஒருவர் கொடுத்தார். விளைவை அனைவரும் கொள்கின்றனர்.

உல்லாசக் கலங்கள் வேண்டா என்பது என் கருத்தன்று. அவற்றைக் கட்டுவோர்க்கும், செலுத்துவோர்க்கும், பழுது பார்ப்போர்க்கும், துறையிலிருந்து பண்டம் விற்போர்க்கும் அவற்றால் வாழ்வுண்டு. நம் கரையிலும் இத்தகைய துறைகள் பெருகுங்காலம் வரலாம். வருங்கால் மூன்றினை நாம் வற்புறுத்திக் கேட்டல் தகும். நிற்குங் கலங்கள் ஜெனரேட்டரை நிறுத்திவிடுமாறு, துறைதோறும் கரை மின்சாரம் அமைதல் வேண்டும். பாய்க்கலங்களுக்குத் துறைக் கட்டணத்திற் சலுகை வேண்டும். மீனவர் படகு நிறுத்தும் இடத்தையோ செல்லும் வழியையோ இன்பத் துறைகள் கவர்ந்துகொள்ளாதிருத்தல் வேண்டும்.

மீனவர்க்கும் இக்கணக்கினாற் பயனுண்டு. மணிக்கு 10 கடல் மைல் செல்லும் படகு 9 கடல் மைலாகத் தணிந்து செல்லுமாயின், அதே தூரத்திற்கு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய் மிஞ்சும். நான்கு நாள் எண்ணெயில் ஐந்து நாள் தொழில் செய்யலாம் என்பது இதன் பொருள். இதற்குப் புதுப் பொறி வேண்டா, கடனும் வேண்டா. சிறிது முன்னதாகப் புறப்படுதலே போதும்.

காற்றை அறிந்து காத்திருந்த தண்டலும், படகின் அடியைச் சுரண்டித் துப்புரவு செய்த பரதவனும் இவ்விதிகளை ஏட்டிற் கற்றவரல்லர், கையாற் கற்றவர். அவர் கையறிவை நம் ஏட்டறிவோடு சேர்த்துப் பயன்கொள்ளுதல் கற்றார் கடனாகும்.